கார்டு வீட்டார் வந்த ஞாயிறு

கார்டு வீட்டார் ஞாயிற்றுக்கிழமை, ராகுகாலம் தொடங்குவதற்கு முன்னால், பெட்டியைப் பார்க்க வந்தார்கள். திரையில் படத்தைத் துல்லியமாகக் காட்டும் கிராபிக்ஸ் கார்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட முடியாது. கார்டுக்குப் பெட்டியைப் பிடிக்க வேண்டும். கோயம்புத்தூர்ப் பக்கம் இதுதான் வழக்கம்.

பெட்டி என்பது குணாளனின் கேமிங் கம்ப்யூட்டர். அதற்கு வயதாகிவிட்டது. ஏற்கெனவே இரண்டு கார்டுகள் வந்து பார்த்து, கேசரியை வழித்துத் தின்றுவிட்டு, தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்று போயிருந்தன. ஒன்று ரொம்ப நீளம், கேபினெட்டுக்குள் அடங்காது என்றார்கள். இன்னொன்றுக்குப் பவர் சப்ளை போதாதாம். இதுவும் தட்டிப்போனால் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதாகக் குணாளனின் மைத்துனன் தயாபரன் சொல்லிவிட்டான். சொன்னதோடு நிற்கவில்லை, சாக்கும் கையோடு கொண்டுவந்திருந்தான். பெட்டியைப் பிரியக் குணாளனுக்கு மனமில்லை.

அவர் மனைவி சாருமதி பெட்டியைத் துடைத்து முல்லைச் சரம் சுற்றிவிட்டிருந்தாள். பெட்டி தலை நிமிரவில்லை.

கார்டு சோபாவின் நடுவில் உட்கார்ந்தது. இரண்டு ஃபேன். கருப்பாக இருந்தாலும் நல்ல களை. ஒரு பக்கம் அப்பா அருணகிரி, இன்னொரு பக்கம் அம்மா. அவர்கள் இருவரும் சாதாரண மனிதர்கள்தாம்.

“பொட்டிக்கு என்ன வயசாச்சுங்க?” என்றார் அருணகிரி.

“பாத்தாத் தெரியாதுங்க,” என்றார் குணாளன்.

“பிராசசர் பழசாட்ட இருக்குதே. எம்பையன் முன்னால ஓட ஓட இது பின்னால நின்னு இழுக்குமே.”

“இழுக்காதுங்க. நின்னு ஓடும்.”

“எங்க, ஒரு கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்க.”

பெட்டி ஓட்டிக் காட்டியது. மூச்சு வாங்கியது, ஒரு கட்டத்தில் முக்கியது, ஆனால் நிற்கவில்லை. மாதக்கணக்கில் அது இப்படி ஓடியதில்லை. குணாளன் சந்தோஷத்தில் காபித் தட்டைச் சாருமதியிடமிருந்து வாங்கி, தானே கொண்டுபோய் நீட்டினார்.

கார்டு அம்மாவின் காதில் ஏதோ சொன்னது.

“பையனுக்குப் புடிச்சுப்போச்சுங்க,” என்றார் அந்த அம்மாள். “ஆனா பொட்டிய இல்லைங்க. காபி கொண்டாந்தவரை.”

குணாளனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“நான் மனுசனுங்க.”

“அதுக்கென்னங்க. கொஞ்சம் திரும்புங்க.”

அருணகிரி அவர் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். முதுகில் கார்டு செருகும் ஸ்லாட் இருந்தது. நீளமாக, வாகாக, தூசி அடைத்துக் கிடந்தது. குணாளன் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தார். இருக்கத்தான் செய்தது. இத்தனை வருஷமும் அதன்மேல்தான் மல்லாந்து படுத்துத் தூங்கியிருக்கிறார்.

“சாரு, உனக்கு இது தெரியுமா?”

“தெரியுமுங்க.”

“எங்கிட்டச் சொல்லவே இல்லையே.”

“நீங்க எங்க கேட்டீங்க?”

அதிர்ந்துபோனது அவர் ஒருவர்தான். மற்றவர்கள் மிக்சர் தின்றுகொண்டிருந்தார்கள். தயாபரன் சாக்கை உதறி விரித்தான். பெட்டியின் ஃபேன் நின்றுபோயிற்று. அதை எதிரில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் பேசிவிட்டார்கள். அதற்கும் காது கேட்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

“எனக்குச் சம்மதமுங்க,” என்றார் குணாளன். “பொட்டி மட்டும் இந்த வீட்டை விட்டுப் போகக்கூடாது.”

கார்டு வீட்டார் கலந்து பேசினார்கள்.

“ஞாயந்தானுங்க,” என்றார் அருணகிரி. “இவரு எடம் காலியாகுதில்ல. அதுல இருந்துட்டுப் போகட்டும்.”

தயாபரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாக்கை மடித்தான்.

கார்டைச் செருகினார்கள். கிளிக் என்றது. வலிக்கவில்லை, சூடாக மட்டும் இருந்தது. குணாளனை மேசைமேல் உட்காரவைத்து வயரையும் மவுஸையும் மாட்டிவிட்டு, கார்டு வீட்டார் விடைபெற்றுப் போனார்கள். அவர் ஹாலைப் பார்த்தார். பகீரென்றது. சுவரில் இருந்த பல்லியின் விரல்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. சாருமதியின் நெற்றியோரம் ஒரு தழும்பு இருந்தது. அது எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

பெட்டி அவருடைய கட்டம்போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, அவருடைய நாற்காலியில் சாப்பிட உட்கார்ந்தது. சாருமதி வழக்கம்போலப் பக்கத்தில் நின்று தோசையை வைத்தாள். சட்னியை ஊற்றினாள். அடுத்த தோசைக்கு அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

“நீயும் உக்காரு,” என்றது பெட்டி. “சேந்தே சாப்பிடலாம்.”

சாருமதி கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அது எங்கே தொடங்கியது, எப்படித் திரண்டது, எந்த இமையில் தங்கியது என்று ஒன்றுவிடாமல் குணாளனுக்குத் தெரிந்தது. அவரால் தாங்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தார். இனி யாராவது மவுஸை நகர்த்தினால்தான் அது திரும்பும்.

மவுஸை யாரும் தொடவில்லை.