பாதி எரிந்த கட்டை

ஸ்தனிஸ்லாஸை ஊரில் கரண்டுக்காரர் என்பார்கள். வடக்கே ஓர் அணுமின் நிலையத்தில், உலைக்குள் எரிபொருள் போட்டு எடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்று, பாப்பாரப்பட்டிக்கு அருகே சொந்த ஊருக்கு வந்தவர். நம் ஆட்களுக்கு எல்லாக் கரண்டும் ஒன்றுதானே, வீட்டில் பீஸ் போனாலும் அவர் கதவைத்தான் தட்டுவார்கள். மனிதர் வாயைத் திறக்காமல் வந்து கம்பி மாற்றிவிட்டுப் போவார்.

வாய் திறக்காததற்குக் காரணம் உண்டு. எரிபொருள் நன்றாக எரிந்து தீர்ந்த பிறகு வெளியே எடுப்பதுதான் வழக்கம். சில வருடங்கள் மட்டும், பாதி எரிந்திருக்கும்போதே எடுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. மின்சாரத்துக்கு அது நஷ்டம். ஆனால் அதிலிருந்து பிரிக்கிற புளுட்டோனியம் அணுகுண்டுக்குத் தோதானது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, வெளியே பேசக்கூடாது என்று கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

கட்டிய மனைவி இன்னாசியம்மாளிடம்கூட அவர் சொன்னதில்லை. அவள் முகம் எப்படி மாறுமோ என்று பயம். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துபோன நாட்கள் எத்தனையோ. போன மாசியில் அவள் போய்ச் சேர்ந்தாள். அதன்பிறகு வீட்டில் அவரும் டிவியும்தான்.

கல்லறைத் திருநாளன்று சாயங்காலம், இன்று எப்படியும் சொல்லிவிடுவது என்று கிளம்பினார். மண்ணுக்குள் இருப்பவளிடம் சொல்வதை எந்தச் சட்டம் தடுத்துவிடும்?

கொழுந்தியாள் லூர்துமேரி முன்னமே வந்து அக்காவின் கல்லறைக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தாள். பிறகு ஒரு மெழுகுவத்தியைக் கொண்டுபோய், மதிலோரம் வெறும் தரையில் நட்டு ஏற்றினாள்.

"அங்க யாரு மேரி இருக்காங்க?"

"யாருமில்லீங்க மாமா. அக்கா வருசா வருசம் வெக்கும். இனிமே நீதான் வெக்கோணும்னு ஆஸ்பத்திரியில சொல்லுச்சு."

"யாருக்காம்?"

லூர்துமேரி தயங்கினாள். "இன்னும் சாகாதவங்களுக்காம். உங்க குண்டு என்னிக்காச்சும் வெடிச்சா, செத்தவங்களுக்கு மெழுகுவத்தி வெக்க ஆள் மிஞ்சாதாம்."

ஸ்தனிஸ்லாஸ் கல்லறை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அவளுக்கு யாரு சொன்னா?"

"நீங்கதானாம். பாதி எரிஞ்சதயே எடுக்கச் சொல்றாங்கன்னு ஒருநா சலிச்சுக்கிட்டீங்களாம். எங்கம்மா அடுப்புல பாதி எரிஞ்ச கட்டைய இழுத்து, தண்ணி தெளிச்சு, இஸ்திரிக் கடைக்குக் கரி வித்தவங்க. பாதியில இழுத்தா அது சோறாக்க இல்ல, வேற எதுக்கோன்னு அக்காவுக்குத் தெரியாதுங்களா? அப்புறம் டிவியில அணுகுண்டுப் பேச்சு வந்தாலே நீங்க எந்திரிச்சுப் போவீங்களாமே."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீங்க பொய் சொல்லோணும். அந்தப் பாவம் உங்களுக்கு எதுக்குன்னு வுட்டுருச்சுங்க மாமா."

லூர்துமேரி கூடையை எடுத்துக்கொண்டு மற்றக் கல்லறைகளுக்குப் போனாள். பயந்து பயந்து அவர் பொத்தி வைத்ததை, இன்னாசியம்மாளும் அதே வீட்டில், அதே சோற்றுக்கு எதிரே உட்கார்ந்து, தனியாகப் பொத்தி வைத்திருக்கிறாள். சொல்ல வந்ததில் இனிச் சொல்ல ஒன்றுமில்லை.

"அடிப்பாவி, ரெண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கலாமேடி" என்றார்.

மதிலோரத்து மெழுகுவத்தி காற்றில் அணைந்தது. எழுந்துபோய் மறுபடி ஏற்றினார். மற்றவர்கள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகும், இரண்டு கையாலும் அதை மறைத்துக்கொண்டு அங்கேயே குந்தியிருந்தார்.