ஜோடி பாஸ் வேண்டாம்

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் முதல் வெளிநாட்டுப் பயணம். எட்டு நாள், நாலு ஊர், எல்லாம் ரயிலில். அதில் ஒரே ஒரு நாள் எனக்குத் தனியாக வேண்டும். பயண ஏஜென்சியின் படியேறும்போதே அதை மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன்.

நான் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். எக்ஸ்ரே எங்கே, டாக்டர் எப்போ வருவார், பாத்ரூம் எந்தப் பக்கம் என்று நாள் முழுக்கக் கேள்வி. வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் எந்த மாடியில் கரகரக்கிறது என்று காதை வைத்தே கண்டுபிடிப்பார். தன் கண்ணாடி எங்கே என்று மட்டும் என்னைத்தான் கேட்பார், ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை. அதனால் ஏதாவது ஒரு ரயிலில் ஏறி, கடைசி ஸ்டேஷன் வரை போய், அதே ரயிலில் திரும்பி வர வேண்டும். யாரும் என்னை ஒன்றும் கேட்கக் கூடாது. அவ்வளவுதான் ஆசை.

ஏஜென்சிப் பெண் இரண்டு அட்டைகளை எங்கள் முன் வைத்தாள்.

"இது தனித்தனி பாஸ். இது ஜோடி பாஸ், மூணுல ஒரு பங்கு விலை கம்மி. ஆனா ரெண்டு பேரும் எப்பவும் ஒரே ரயில்லதான் போகணும். ஒருத்தர் மட்டும் ஏறினா செல்லாது."

என் தனி நாள் போச்சு என்று நினைத்தேன். விலை கம்மி என்றால் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுகிற மனுஷன் இவர். ரயில் ஆடினால் தலை சுற்றும், நடுவழியில் இறங்கிக்கொள்வேன் என்று ஒரு பொய்யைத் தயார் பண்ணி வாயைத் திறந்தேன்.

"ஜோடி வேண்டாம்மா," என்றார் இவர். "தனித்தனியாவே குடுங்க."

நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். சுருக்கென்றது.

"ஏன், ஜோடியா போனா என்னவாம்?"

"இல்ல, ஒருத்தருக்கு உடம்பு சரியில்லாமப் போச்சுன்னா..."

"யாருக்கு?"

"சும்மா ஒரு பேச்சுக்கு."

இவருக்குப் பொய் வராது. காது மடல் சிவந்துவிடும். சிவந்திருந்தது.

"உண்மையைச் சொல்லுங்க."

"நாம தங்கற மூணாவது ஊர்லேர்ந்து ஒரு மணி நேரம் போனா ஒரு பழைய லிஃப்ட் இருக்கு," என்றார், மேசையைப் பார்த்துக்கொண்டே. "கதவே கிடையாது. நிக்கவும் நிக்காது, சுத்திக்கிட்டே இருக்கும். ஓடும்போதே ஏறணும், இறங்கணும். எனக்கு நாள் முழுக்க அதுலயே ஏறி இறங்கணும்னு ஆசை. நீ வந்தா 'லிஃப்ட் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்'னு கேப்ப."

கேட்டிருப்பேன், சத்தியமாக. ஆனாலும் கோபம் வந்தது. என்னை விட்டு ஓட, எனக்கு முன்னாலேயே திட்டம் போட்டு வைத்திருக்கிறாரே! ஆத்திரத்தில் என் திட்டத்தையும் போட்டு உடைத்தேன். இவர் வாயைப் பிளந்தார்.

"எந்த நாள்?" என்றாள் அந்தப் பெண்.

"வியாழக்கிழமை," என்றோம் இரண்டு பேரும். ஊர் சுற்றுகிற வேலை எதுவும் இல்லாத நாள் அது ஒன்றுதான். அவள் அட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

படிவத்தில் கையெழுத்துப் போடக் குனிந்தவர் நிமிர்ந்தார்.

"என் கண்ணாடி எங்கே?"

"நெத்தி மேல."

சொல்லி முடித்ததும்தான் உறைத்தது. வியாழக்கிழமை, முன்பின் தெரியாத ஊரில், இவர் யாரைக் கேட்பார்? பாவமாக இருந்தது. அவரை நினைத்து மட்டும்தானா, என்னையும் நினைத்தா என்று தெரியவில்லை.

கீழே இறங்கியதும் பக்கத்துக் கண்ணாடிக் கடையில் கழுத்தில் தொங்கவிடும் கயிறு ஒன்று வாங்கி, அங்கேயே மாட்டிவிட்டேன்.

"எதுக்கு இது?"

"வியாழக்கிழமைக்கு."

கயிற்றைத் தடவிப் பார்த்தார். நாலு கடை தள்ளி வந்த பிறகு கேட்டார்.

"அப்போ வெள்ளிக்கிழமை?"

"கழட்டி வெச்சிட்டு என்னையே கேளுங்க."