நான்காவது குளத்துத் தண்ணீர்

"கிட்ட வராதே. குளிச்சுட்டு வந்துடறேன்."

"கையில இருக்கற கேரியரையாவது குடுங்கோளேன்."

"அதுவும் அங்கேருந்துதானே வரது? கிணத்தடியில வெக்கறேன். அப்புறமா எடுத்துக்கோ."

தூத்துக்குடியில் குடித்தனம் வைத்த முதல் நாள் சாயங்காலம் சுதர்சனமும் செங்கமலவல்லியும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். நாலு வருஷமாகியும் செங்கமலத்துக்கு அது அப்படியே நினைவிருந்தது. நகராட்சியின் கழிவுநீர்ப் பண்ணையில் சூப்பர்வைசரான அவள் கணவர் அன்றிலிருந்து கொல்லைப்புறமாகத்தான் வீட்டுக்குள் வந்தார். குளித்துத் திருமண் இட்டுக்கொண்ட பிறகுதான் அவள் பக்கமே திரும்புவார். வேலைக் களைப்போடு வருகிறவரின் கையை ஒரே ஒரு நாள் அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கேட்க வாய் வரவில்லை. அவருடையது ஸ்ரீவைகுண்டத்துக் கோயில் குடும்பம். அவருடைய ஆசாரத்தை நாம் கெடுக்கலாமா என்று இருந்துவிட்டாள்.

எண்பத்தாறாம் வருஷம், மாசி மாதத்தில் ஒரு நாள் அவர் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனார். யாரிடமாவது கொடுத்தனுப்பியிருக்கலாம். செங்கமலம் தானே ரிக்‌ஷா பிடித்தாள்.

உப்பளங்களை ஒட்டிய பண்ணை வாசலில் காவலாள் பேச்சிமுத்து பதறி எழுந்தான்.

"ஏயப்பா, சார் வீட்டம்மாவா? மூக்கைப் பொத்திக்கிடுங்க. மொதக் குளம் மட்டுந்தான் நாறும்."

உண்மைதான். முதல் குளம் கன்னங்கரேலென்று கொப்பளித்துக் கிடந்தது. காலையில் அவள் ஊற்றிய அரிசி கழுவிய தண்ணீரும் அதில்தான் எங்கோ இருக்க வேண்டும். ஊர் முழுவதும் கழித்து ஒதுக்கியது எல்லாம் அங்கே வந்து சேர்ந்திருந்தது. வரப்பில் நடந்தார்கள். இரண்டாவது குளம் பழுப்புப் பச்சை. மூன்றாவது, நாற்றங்கால் மாதிரி இளம்பச்சை. முந்தானையை மூக்கிலிருந்து எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"மெஷினெல்லாம் எங்க இருக்கு?"

"மெஷினா? அந்தா நிக்கில்லா!" பேச்சிமுத்து சூரியனைக் காட்டினான். "வெயிலு அடிக்கும், பாசி மூச்சு விடும், தண்ணி தானாத் தெளிஞ்சிரும்."

நான்காவது குளத்தைப் பார்த்ததும் அவள் நின்றுவிட்டாள். வானம் முழுவதும் தண்ணீரில் கிடந்தது. கெண்டை ஒன்று துள்ளி விழுந்தது. அக்கரையில் நூற்றுக்கணக்கில் பூநாரைகள், தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. அந்தக் கறுப்பா இது? கோயில் சந்நிதியில் திரை விலகும்போது வருமே, அதே சிலிர்ப்பு அவளுக்கு வந்தது. கை கூப்பலாமா என்றுகூடத் தோன்றியது.

மடையருகே, முழங்கால் தண்ணீரில், குளத்துத் தண்ணீர் மொண்ட பாட்டிலை வெயிலுக்கு எதிரே பிடித்துத் தெளிவு பார்த்தபடி சுதர்சனம் நின்றிருந்தார். அவளைக் கண்டதும் கரையேறி, எட்டியே நின்றார்.

"நீ ஏன் இங்கெல்லாம் வந்தே? தள்ளி நில்லு, மேல பட்டுடப் போறது."

பேச்சிமுத்து சிரித்துவிட்டான். "எங்கூட ஒரே கிளாசுல டீ குடிக்கிற ஆளு, வீட்டம்மாட்ட மட்டும் என்ன சார் இந்த ஆசாரம் பாக்கிய?"

செங்கமலம் கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கென்ன ஆசாரம்?" சுதர்சனம் தடுமாறினார். "உங்க அப்பா ஆத்துல மடி ஜாஸ்தி. உனக்கு அருவருப்பா இருக்குமேன்னுதான்..."

"எனக்கா? உங்களுக்காகத்தானே நான் ஒதுங்கி நின்னேன்!"

"நாலு வருஷமாவா?"

"நல்ல சோடிதான் போங்க!" என்று பேச்சிமுத்து தலையில் அடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

பூநாரைகள் சிவந்த சிறகுகளை விரித்து ஒன்றாக எழும்பின. தண்ணீரெல்லாம் ஒரு கணம் ரோஜா நிறமானது. இருவரும் வாய் திறந்து பார்த்தபடி நின்றார்கள். அவர் விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

"கேளேன்."

"குளிக்கவெல்லாம் வேண்டாம். அப்படியே கையைக் குடுங்கோ."