பழைய பிரதிகளில் இல்லாத வரி

பேராசிரியரின் வழுக்கைத் தலை லைட்டில் பளபளக்காமல் இருக்கப் பவுடர் ஒற்றிக்கொண்டிருந்தபோதுதான் மேக்கப் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டாள். அது போன சனிக்கிழமை. 'வேதம் வந்த வழி' என்று அந்தக் கிறிஸ்தவ டிவி வாராவாரம் மத்தியானம் நேரலையில் நடத்தும் நிகழ்ச்சிக்கு அவர்தான் நிரந்தர விருந்தாளி. இறையியல் கல்லூரியில் காலமெல்லாம் கிரேக்கம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வேதத்தை எந்தத் தோலில் எழுதினார்கள், யாரைப் பார்த்து யார் நகலெடுத்தார்கள் என்று கதை கதையாகச் சொல்வார். வீட்டில் அவர் பேச்சைக் கேட்க ஆளில்லை என்பதால் டிவியில் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவார்.

“ஐயா, விசுவாசிக்கிறவங்க பாம்பக் கையில எடுத்தாலும் ஒண்ணும் ஆகாதுன்னு வருதே, அது நெஜமா ஆண்டவர் சொன்னதா?”

“அதாம்மா? சுவிசேஷத்தோட அந்தக் கடைசிப் பகுதி, நமக்குக் கிடைச்சதுலயே ரொம்பப் பழைய பிரதிகள்ல இல்ல. பின்னால யாரோ சேர்த்ததுன்னுதான் படிச்சவங்க நெறைய பேர் சொல்றாங்க. என் அபிப்பிராயமும் அதுதான். காதுக்குப் பின்னால வேர்க்குது பாருங்க.”

பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோல் சொன்னார். அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள்.

அவள் கணவன் எலக்ட்ரீஷியன். கணவனின் அண்ணன் ஒரு ஜெபவீட்டின் போதகர். இந்த டிவியின் காலை நேரத்தையே காசு கொடுத்து வாங்கி வைத்திருப்பவர். ஜெபவீட்டு மேடைப் பலகைகளைப் புரட்டியபோது பாம்பு வந்தது. அண்ணன் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு, “வசனம் இருக்குடா, கையில எடு!” என்று கத்தினார். அண்ணன் சொல்லி எதையும் தட்டாதவன் இதையும் தட்டவில்லை. கடித்துவிட்டது. அவள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். வந்த ஆம்புலன்ஸை அண்ணன் வாசலிலேயே திருப்பி அனுப்பினார். உள்ளே பாட்டும் கைதட்டலுமாக ஜெபம் நடக்க, பொழுது சாய்வதற்குள் அவன் போய்ச் சேர்ந்தான்.

அடக்கத்தில் போதகர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் பிரசங்கம் பண்ணினார். வசனம் பொய்க்கவில்லையாம். பக்கத்தில் நின்றவள் அவிசுவாசத்தோடு போனை எடுத்தாளாம், அதுதான் அவனைக் கொன்றதாம். திருப்பி அனுப்பியவர் விசுவாச வீரர், கூப்பிட்டவள் கொலைகாரி. என்ன நியாயமோ! ஒன்பதாவது படிக்கிற மகள் இதை அட்சரம் பிசகாமல் நம்பினாள். பையைத் தூக்கிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனவள் அம்மாவின் போனைக்கூட எடுப்பதில்லை. கணவன் போனதை மேக்கப் அக்கா எப்படியோ தாங்கிக்கொண்டாள். இதைத் தாங்க முடியவில்லை.

“அடுத்த வாரம் நான் போன் போட்டுக் கேக்குறேன் ஐயா. இத அப்படியே சொல்லிடுங்க, போதும். அந்த வீட்ல எல்லாரும் உக்காந்து பாப்பாங்க. எம் பொண்ணும் பாப்பா.”

“சொல்றேம்மா. உண்மையச் சொல்றதுக்கு என்ன?” என்று அவள் கையைத் தட்டிக்கொடுத்தார் பேராசிரியர்.

இந்தச் சனிக்கிழமை அவருக்கு ரொம்ப அக்கறையாகப் பவுடர் போட்டு அனுப்பினாள். பிறகு மேக்கப் அறையிலிருந்தே போன் செய்தாள். நிகழ்ச்சியை நடத்துபவனுக்குத் தேன்வாய் என்று பட்டப்பெயர். குரலைக் கேட்டதுமே ஆள் யாரென்று அவனுக்குப் புரிந்துவிட்டது. யார் குடும்பம் என்பதும் தெரியும். புன்னகை மட்டும் கலையவில்லை. கேள்வியை முழுசாகக் கேட்டுவிட்டுப் பேராசிரியர் பக்கம் திரும்பினான்.

“ஐயா, சுத்தி வளைக்காம சொல்லுங்க. இப்ப நம்ம கையில இருக்கிற வேதத்துல அந்த வசனம் இருக்கா, இல்லையா?”

பேராசிரியர் கேமராவைப் பார்த்தார். கேமராவுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்ற டிவி மேனேஜரையும் பார்த்தார்.

“நம்ம வேதத்துல... இருக்கு.”

“ஆமென்!”

“ஐயா, பழைய பிரதிகள்ல இல்லன்னு நீங்கதான சொன்னீங்க?” என்று ஸ்பீக்கரில் கேட்டாள்.

“சகோதரி ஏதோ தப்பாப் புரிஞ்சிக்கிட்டாங்க” என்று சொல்லித் தண்ணீர் குடித்தார். இயேசுவைத் தெரியவே தெரியாதென்று பேதுரு மறுதலித்தான் என்றால் அவன் உயிருக்கே ஆபத்து இருந்தது. இவருக்கு மிஞ்சிப்போனால் சனிக்கிழமைகள் போயிருக்கும்.

தேன்வாய் அதோடு விடவில்லை. “இந்தச் சகோதரி வேற யாருமில்ல, நம்ம ஸ்டுடியோவுலயே வேலை செய்றவங்கதான்” என்று அவளை வரவழைத்துக் கேமரா முன்னால் நிறுத்தினான். பேச இன்னொரு வாய்ப்பு என்று நம்பித்தான் அவளும் ஓடி வந்தாள். அதற்குள் ஒரு போன் வந்தது.

“அங்கிள், எங்க அம்மாவுக்காக ஜெபம் பண்ணுங்க. அவங்க ஆம்புலன்ஸக் கூப்பிடாம இருந்திருந்தா அப்பா இருந்திருப்பாரு. இன்னும் வசனத்தயே சந்தேகப்படுறாங்க.” பின்னால் பெரியப்பா செருமுவது கேட்டது.

அம்மா என்ன சொல்லப் போகிறாள் என்று கேமரா அவள் முகத்துக்கு அருகே வந்தது.

“சளி பிடிச்சிருக்காம்மா? குரல் ஒரு மாதிரி இருக்கே” என்றாள்.

லைன் துண்டிக்கப்பட்டது. விளம்பரம் போட்டார்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் பேராசிரியர் வழக்கம்போல் மேக்கப் அறைக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தார். அவள் பஞ்சை நனைத்து அவர் நெற்றியைத் துடைத்தாள்.

“ஐயா, அந்த வரி இருக்கா, இல்லையா?”

“பழைய பிரதிகள்ல இல்லம்மா. அதான் போன வாரமே சொன்னேனே.”

“எம் பொண்ணுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்களேன்.”

“போன்லயா? ரெக்கார்ட் பண்ணிடுவாங்கம்மா” என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கதவைத் தள்ளிக்கொண்டு தேன்வாய் வந்தான். முகமெல்லாம் பல்.

“அக்கா, போன் வந்து கொட்டுது! ஜனங்க அழுறாங்க. அடுத்த வாரம் நீங்க உக்காந்து பாவ அறிக்கை பண்ணுங்க. உங்க பொண்ண நேர்ல கூட்டிட்டு வந்து மன்னிக்க வெக்கிறோம். பாஸ்டர்ட்ட பேசிட்டேன், அனுப்புறேன்னுட்டாரு.”

பஞ்சு பேராசிரியரின் கன்னத்திலேயே நின்றது.

“நேர்லயா? எம் பக்கத்துல உக்காருவாளா?”

“கையப் பிடிச்சிக்கிட்டே உக்காருவா.”

பாதி முகம் பவுடரோடு பேராசிரியர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

“நாந்தான் கொன்னேன்னு சொல்லணும், அவ்ளோதான தம்பி?” என்றாள். “சொல்லிடுறேன். அவளுக்கு நானே பவுடர் போட்டு விடலாமா?”