அழகமுத்துவின் பெயர்ப்பலகை

கண்டிக்குப் பக்கத்தில், குண்டசாலையில் இருந்த ஒரு கம்பனியின் மென்பொருட்கள், செய்தவர்கள் செய்தபடி ஓடவில்லை. அங்கே கைந்நூல் எழுதும் வேலையில் இருந்த பெற்றீசியா எழுதியபடிதான் ஓடின. தொண்ணூற்றைந்தில் இது தெரியவந்தது. தேயிலைத் தொழிற்சாலைகளுக்கான மென்பொருளுக்குப் பாவனைக் கைந்நூல் எழுதியபோது, இந்த விசையை அழுத்தினால் மாத அறிக்கை அச்சாகும் என்று அவள் ஒரு வரி போட்டிருந்தாள். அந்த வசதியை நிரலாளர் சேதுராமன் இன்னும் செய்யவே இல்லை. கலகெதரத் தொழிற்சாலையில் கிளார்க் விசையை அழுத்தினார், அறிக்கை வந்தது. சேதுராமன் தன் நிரலைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பிளேன்ரீ குடிக்கப் போனார். அதன்பின் அங்கே யாரும் பிழை திருத்தவில்லை. நிரலாளர்கள் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் பஸ் ஏறினார்கள், மிச்சத்தைப் பெற்றீசியா எழுதிச் சரிக்கட்டினாள். பதவி உயர்வு மட்டும் வருடம் தவறாமல் அவர்களுக்கே போனது. அவள் வெறுமனே எழுதுகிறவள்தானே என்றார்கள். வெட்கங்கெட்ட பேச்சு.

அவளுக்கென்று இருந்தது கைந்நூலின் அட்டையில் அச்சான பெயர் மட்டும்தான்: பெற்றீசியா அழகமுத்து. தொண்ணூற்றெட்டில் கண்டியில் குண்டு வெடித்து, தமிழ்ப் பெயர் என்றாலே சந்தேகப்படத் தொடங்கிய பிறகு அதற்கும் ஆபத்து வந்தது. மேலாளர் நவரட்ணராஜா யாழ்ப்பாணத்துக்காரர். பயத்தில் தன் பெயரையே ராஜா என்று குறுக்கிக்கொண்டவர். "காலம் சரியில்லை, பிள்ளை. பெற்றீசியா எண்டு மட்டும் இருக்கட்டும். அழகமுத்துவை எடுத்துவிடுவம்," என்றார்.

"அது எங்க அப்பா பேரு சார். எடுக்கக் கூடாது."

எண்பத்துமூன்றுக் கலவரத்தின்போது அவள் அப்பாவிடமும் நல்லது நினைத்தவர்கள் இதையே சொன்னார்கள், கடைப் பலகையில் தமிழ்ப் பெயரைச் சுரண்டிவிடு என்று. அவர் சுரண்டவில்லை. கடை எரிந்தது. அம்பிட்டிய வீட்டில் அவர் அந்தப் பலகையைப் பற்றிப் பிறகு பேசியதே இல்லை. இப்போது மேலாளர் அவளைக் கேளாமலே அட்டையை மாற்றி அச்சடித்தார். பெற்றீசியா அழவில்லை, வேலையை விடவுமில்லை. அடுத்த கைந்நூலின் முதல் வரியாக எழுதினாள்: மென்பொருளைத் திறந்ததும் அழகமுத்துவின் பெயர் திரை நிறையத் தோன்றும், அதன் பிறகே வேலை தொடங்கும்.

தோன்றியது. தொழிற்சாலைகளில், வங்கிகளில், ஓர் இராணுவ முகாமின் சம்பளப் பிரிவில்கூடத் தோன்றியது. அந்தக் கணினிகளில் தமிழ் எழுத்தே கிடையாது, ஆனாலும் பெயர் தமிழில்தான் வந்தது. சேதுராமன் தேடிக் களைத்தார், நிரலில் எதுவும் இல்லை.

"அதை மறைக்கிற மாதிரி ஒரு வரி எழுதித் தாரும்," என்றார் மேலாளர்.

"எழுத மாட்டேன் சார். வேணும்னா என்னைய வேலைய விட்டு நிப்பாட்டுங்க."

அவள் போய்விட்டால் மென்பொருள், நிரலாளர்கள் செய்தபடியே பிழைகளோடு ஓடும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மாதமே அவளைப் பிரிவுத் தலைவியாக்கி, சேதுராமனுக்கு மேலே தனி அறையில் கதிரை போட்டுக் கொடுத்தார்கள். கொஞ்சக் காலத்தில் மேலாளரும் தன் கதவில் நவரட்ணராஜா என்று முழுசாக எழுதிக்கொண்டார்.

ஒருநாள் அப்பாவைக் கூட்டி வந்து கணினியின் முன்னால் உட்காரவைத்தாள். மஞ்சளில் பச்சை எழுத்து, எரிந்த பலகையின் அதே நிறம். அந்த நிறத்தை அவள் எங்கும் எழுதியிருக்கவில்லை. அவர் விரலால் திரையைத் தடவிப் பார்த்தார்.

"இதுக்கு வருசா வருசம் பெயின்ட் அடிக்கத் தேவையில்ல போல," என்றார்.

போர் முடிந்து, கம்பனி கைமாறி, கணினிகளும் மாறிவிட்டன. கலகெதரத் தொழிற்சாலையில் இன்றைக்கும் காலையில் அழகமுத்து வந்த பிறகுதான் வேலை தொடங்குகிறது. அதுவரை கிளார்க் தேநீர் குடிக்கிறார்.