மூச்சு நின்ற லாரிக்காரன்

முனியப்பன் கண்ணை மூடியது மூன்று நொடிகூட இருக்காது. காலை பதினொன்றரை மணி. ஈஜிபுராவில் அவன் ஓட்டிவந்த தண்ணீர் லாரி, சாலையோரம் நின்றிருந்த ஒரு ஸ்கூட்டரின் மேல் ஏறியது. அதில் உட்கார்ந்திருந்த பாமா என்ற பெண்ணின் கால் நசுங்கியது. அவள் அலறியபோதுதான் அவனுக்கு விழிப்பு வந்தது.

கதவைத் திறப்பதற்குள் அவனைச் சட்டையோடு கீழே இழுத்தார்கள்.

"குடிதித்தானே! ஹொடீரி!" குடித்திருக்கிறான், அடியுங்கள் என்று கன்னடத்தில் கத்தினார்கள்.

"நா குடிக்கலபா... தூங்கிட்டேன்..."

சொல்லாமலே இருந்திருக்கலாம். ஒருவன் ஹெல்மெட்டால் முகத்தில் அடித்தான். மூக்கு உடைந்த சத்தம் முனியப்பனுக்கே கேட்டது. விழுந்தவனை மிதித்தார்கள். கத்த வாய் திறந்தபோது, ஒருவன் நெஞ்சின்மேல் உட்கார்ந்து உள்ளங்கையால் வாயையும் மூக்கையும் சேர்த்து அழுத்தினான். போலீஸ் வந்து விலக்கியபோது மேல்வரிசையில் ஆறு பற்கள் இல்லை. ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஒரு துளி சாராயம் இல்லை.

வார்டில் அவன் தூங்குவதைப் பார்த்த டாக்டர் நிருபமா, அவன் மனைவி சொர்ணத்திடம் கேட்டார். "வீட்லயும் இப்படித்தான் மூச்சு நிக்குமா?"

"கண்ணாலம் ஆன நாள்லருந்து கொறட்டதான் டாக்டரம்மா. நடுவுல அப்டியே நின்னு பூடும். நா முதுகுல தட்டுவேன். பகல்ல சோறு துன்னுகினே தூங்குவாரு."

சோதனையில் மணிக்கு ஐம்பத்திரண்டு முறை மூச்சு தடைப்படுவது தெரிந்தது. தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து காற்றுவழியை அடைத்துவிடுகிறது என்றார் டாக்டர். கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் பல்கவசம் ஒன்று உண்டு. அதை மாட்டப் பல் வேண்டும். எடை குறைக்கலாம், ஒருக்களித்துப் படுக்கலாம். இவ்வளவு கடுமையான நோய்க்கு அது மட்டும் போதாது. மூக்கு ஆறியதும் காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் மிஷின்தான் வழி. அதுவரை வண்டியைத் தொடக்கூடாது.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொர்ணம் அந்த மிஷினின் மாஸ்க்கை அவன் முகத்தில் வைத்து வாரை இறுக்கினாள். பத்து நிமிஷத்தில் கண் அயர்ந்தான். பிறகு காற்று வேகமெடுத்தது.

முகத்தின் மேல் கை. நெஞ்சின் மேல் ஆள்.

முனியப்பன் எகிறி எழுந்து குத்தினான். சொர்ணத்தின் தலை பீரோவில் மோதியது. விழுந்தவளின் மேல் பாய்ந்து கழுத்தைப் பிடித்தான்.

"நான்யா! சொர்ணம்!"

விரல்கள் தளர்ந்தன. அவள் உதடு கிழிந்து ரத்தம் தாடையில் வழிந்தது. எழுந்தவள் அவனை ஓங்கி அறைந்தாள்.

"கண்ணத் தொறந்து யாருன்னு பாத்துட்டு அடி!"

அவன் மாஸ்க்கைப் பிய்த்துச் சுவரில் எறிந்தான். "இது வேணாம்மே. தூக்கத்துல செத்தா செத்துட்டுப் போறேன்."

"நீ சாவு. உன்னால இன்னொருத்தி காலு போவணுமா?"

மறுநாள் அவள் உதட்டுத் தையலோடு டாக்டர் முன்னால் உட்கார்ந்தபோது, நடந்ததை அவனே சொன்னான். அவர் மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் சிறிய மாஸ்க்கைக் கொடுத்தார். காற்றைக் குறைத்து வைத்தார். "முழிச்சிருக்கும்போதே போட்டுப் பழகுங்க. நீங்களே கையில பிடிச்சுக்கோங்க. இனிமே அவங்க மாட்டிவிட வேண்டாம்."

டிவி முன்னால் தினமும் அரைமணி நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். முதல் வாரம் வியர்வை கொட்டியது. இரண்டுமுறை உதறிவிட்டு வெளியே ஓடினான். ஒரு மாதம் கழித்துத்தான் வாரை மாட்டிக்கொண்டு தூங்கினான். சொர்ணம் அடுக்களையில் கதவைத் தாழ்போட்டுப் படுத்தாள். அவன் அதைக் குறை சொல்லவில்லை.

மூச்சுத் தடை மணிக்கு நான்காகக் குறைந்தது. கோர்ட்டில் தன் தப்பை ஒப்புக்கொண்டான். போர்வெல்லில் லாரிகளுக்குத் தண்ணீர் நிரப்பும் வேலை கிடைத்தது. ஒருநாள் டிரைவர் வராததால் முதலாளி சாவியை நீட்டினார்.

"டாக்டர் இன்னும் சரின்னு சொல்லல சார்" என்ற முனியப்பன் குழாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த லாரியை நோக்கி நடந்தான்.