பின்னோக்கிப் போன நாவல்

அன்று மழை பெய்ததா என்பதில் எனக்குச் சந்தேகம். பெய்தது என்கிறார் நபீல். வெயில் என்கிறாள் பஸ்லினா. எனக்குக் கணினித் திரை மட்டுமே நினைவிருக்கிறது. அதுவும் சரிதானா, தெரியாது.

வத்தேகமையில் அவர்கள் எங்கள் பக்கத்து வீடு. பஸ்லினா ஒரு சிங்கள நாவலை மூன்று வருடங்களாகத் தமிழாக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் ஒரே கோப்பில். வேறு பிரதி இல்லை. அந்தக் கோப்பை மாதக்கணக்காக மூடியதுமில்லை. அன்று முழு நாவலும் தெரிவாகியிருப்பதைக் கவனிக்காமல் அதன்மேல் ஒரு சொல்லை ஒட்டி, சேமித்தும்விட்டாள். நாவல் இருந்த இடத்தில் அந்த ஒற்றைச் சொல் நின்றது. பதறிப்போய், செய்ததைத் திருப்பும் அன்டூவை அழுத்தினாள். திரை உறைந்தது.

கணினி திருத்துவது என் தொழில். மடிகணினியை மூடாமல், கல்யாண வீட்டில் சோறு நிறைந்த சஹன் தட்டை ஏந்துவதுபோல் இரு கைகளிலும் ஏந்தி வந்தாள். பின்னால் அவள் கணவர் நபீல், சார்ஜரோடு.

நிறுத்திவிட்டுத் திரும்பப் போடலாமே என்றார் நபீல். நிறுத்தினால் செயலியின் நினைவில் இருக்கும் பழைய எழுத்தெல்லாம் போய்விடும் என்றேன். செயலி செத்துவிடவில்லை. திரும்பி வரும் ஒவ்வொரு வரியையும் பிழை பார்க்கும் பகுதி மறுபடி வாசித்துக்கொண்டிருந்தது. காத்திருந்தோம். தன் மனைவியும் இப்படித்தான், ஒரே பக்கத்தை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பாள், சினிமாவுக்காவது இடைவேளை உண்டு என்றார் நபீல். யாரும் சிரிக்கவில்லை.

நாவல் வந்தது. பஸ்லினா மூச்சுவிட்டாள். ஆனால் திருப்புதல் நிற்கவில்லை. வாக்கியங்கள் மாறத் தொடங்கின.

"எத்தனை தரம் அழுத்தினீங்க?"

"அசையல்ல தானே அண்ணன். அமத்திக்கொண்டே இருந்தன்."

அந்த அழுத்தல்களெல்லாம் வரிசையில் காத்திருந்து இப்போது ஒவ்வொன்றாக நிறைவேறின. புதிய சொற்கள் உதிர, அவள் எப்போதோ அழித்தவை எழுந்து வந்தன. 'கதவை மெல்லத் திறந்தாள்' என்பது 'ஓசையின்றித் திறந்தாள்' ஆயிற்று; பிறகு 'கதவுக்கு வலிக்காமல் திறந்தாள்'. ஒரு மனத்தின் தயக்கங்கள் அத்தனையையும் ஓர் இயந்திரம் சிந்தாமல் வைத்திருந்தது.

வெகுநேரம் கழித்து அது நின்றது.

"இவ்வளவையும் அழிச்சி அழிச்சியா எழுதினீங்க?" என்று நபீல் தன் மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்.

அவள் கை விசைப்பலகைக்குப் போனது.

"தொடாதீங்க. ஒரு எழுத்து விழுந்தாலும் முன்னுக்குப் போற வழி இல்லாமப் போயிரும்" என்றேன்.

நபீல் தன் தொலைபேசியில் அந்தக் கதவு வாக்கியத்தைப் படமெடுத்தார். நான் பிழை பார்க்கும் பகுதியை நிறுத்திவிட்டு, திருப்பியதை மீட்கும் ரீடூவை அழுத்தி ஒவ்வொரு படியாக முன்னே வந்து, அந்த ஒற்றைச் சொல் ஒட்டப்பட்டதற்கு ஒரு படி முன்னால் நின்று, முழுவதையும் வேறு பெயரில் சேமித்தேன்.

புத்தகம் அடுத்த வருடம் வந்தது. அதில் அந்தப் பெண் கதவுக்கு வலிக்காமல் திறக்கிறாள். பஸ்லினா இப்போது இன்னொரு நாவலை மொழிபெயர்க்கிறாள். பிரதிகள் எடுத்து வைக்கிறாள். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நபீல் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைக்கிறார். மடிகணினி பழுதாகிவிட்டது. நான் அதே வீட்டில் இருக்கிறேன்.